துப்பாக்கிக் கட்டையில் கோழிக்கால்

மெல்போர்னில் எனக்கு அடுத்த வீட்டுக்காரர் கிரகாம். எழுபத்தெட்டு வயது, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். அவருடைய சொத்து ஒரு பூனையும் சில ஆயிரம் துப்பாக்கிப் படங்களும். சுடுவதில் அவருக்குத் துளியும் ஆசை கிடையாது, பட்டாசு வெடித்தாலே காதைப் பொத்திக்கொள்வார். அவருக்கு வேண்டியது மரம். பழைய ராணுவத் துப்பாக்கிகளில் தோளுக்கு அண்டக் கொடுக்கும் மரக்கட்டை இருக்கிறதே, அதில் எந்த முத்திரை குத்தியிருக்கிறது, எங்கே ஆணி அடித்திருக்கிறது, எதை இழைத்திருக்கிறது என்றெல்லாம் பார்த்து, அந்தத் துப்பாக்கி எங்கே பிறந்து யார் யார் கையில் வளர்ந்தது என்று ஜாதகம் கணித்துவிடுவார்.

ஏழு வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் அடிபிடித்த பாயசப் பாத்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு படத்தை நீட்டினார். சேலத்தில் ஒரு துப்பாக்கிக் கடையில் அவருடைய நண்பர் எடுத்தது. மூன்று துப்பாக்கிகள். மூன்றின் கட்டையிலும் காசளவு பித்தளை வில்லை, அதில் ஏழு புள்ளிகள். “இது உங்கள் ஊர் அடையாளம் ஏதாவதா?” என்று கேட்டார். “இல்லை” என்றேன். பாத்திரத்திலிருந்து நான் தலையை நிமிர்த்தியதாக எனக்கு நினைவில்லை. இத்தனைக்கும் ஒரு கண்ணாடிக் கடையில் ஊரார் கண்ணையெல்லாம் பரிசோதிப்பதுதான் என் பிழைப்பு.

அந்த ஒரு “இல்லை”யின்மேல் மனிதர் மாடி கட்டிவிட்டார். உள்ளூர் அடையாளம் இல்லையென்றால் ராணுவ அடையாளமாகத்தான் இருக்க வேண்டும். தெரிந்த ராணுவப் பட்டறைகள் எதிலும் இந்த முத்திரை இல்லை. ஆகவே யுத்த காலத்தில் சேலம் பக்கம் வெளியுலகத்துக்குத் தெரியாத ஒரு பட்டறை இயங்கியிருக்கிறது. அவருடைய புத்தகத்தில் இது இருபத்திரண்டு பக்க அத்தியாயம். அண்ணன் மகள் கல்யாணத்துக்கு நான் நாகர்கோவில் கிளம்பியபோது, போகிற வழியில் சேலத்தில் மூன்று நாள் தங்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு வரச் சொன்னார். திங்கட்கிழமை புத்தகம் அச்சுக்குப் போகிறதாம். கையில் ஒரு பூதக்கண்ணாடியையும், கேள்விகள் எழுதிய ஒரு தாளையும் திணித்தார்.

விமானத்தில் பொழுது போகாமல் அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தேன். முதல் தடவையாக, முறையாக. அந்தப் புள்ளிகள் சிற்றுளி வைத்துச் சுத்தியலால் தட்டியவை. நாகர்கோவிலில் என் அம்மா வீட்டுக் குடத்திலும் குத்துப்போணியிலும் தட்டியிருக்கும் அதே மாதிரி. பாத்திரக் கடைக்காரர் பெயர் வெட்டும் புள்ளிகள்.

என் சந்தேகம் பொய்யாக இருக்கட்டும், சேலத்தில் ரகசியப் பட்டறை இருந்திருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். யுத்தத் தளவாடத்துக்காக நான் சாமி கும்பிட்டது அதுதான் முதல் தடவை.

சேலத்தில் இறங்கியதும் நேரே தட்டுவடை செட் கடைக்குப் போனேன். இரண்டு சின்னத் தட்டுவடைக்கு நடுவில் காரட்டும் பீட்ரூட்டும் துருவிப் போட்டு, காரச் சட்டினி தடவி, ஒரே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். நான் நாகரிகமாகக் கடித்தேன். பாதி வாயிலும் பாதி புடவையிலும் போயிற்று. பக்கத்தில் நின்ற பெண், “அப்படியே உள்ள தள்ளுங்கக்கா” என்று செய்து காட்டினாள். இதையே மெல்போர்னில் நான்கு டம்ளர் தண்ணீரோடு கத்தி முள்கரண்டி வைத்துப் பரிமாறுவார்கள்.

துப்பாக்கிக் கடை, வெள்ளிக் கொலுசுக் கடைகளுக்கு நடுவில் கூச்சப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கடைக்காரர் நடுவயதுக்காரர். நான் மரத்தை மட்டும் பார்க்க மெல்போர்னிலிருந்து வந்திருக்கிறேன் என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“மேடம், துப்பாக்கி வாங்க வர்றவங்கள பாத்துருக்கேன், விக்க வர்றவங்கள பாத்துருக்கேன். கட்டைய மட்டும் பாக்க வந்தது நீங்கதான்” என்றார். ஆனாலும் படத்தைப் பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. மூன்றும் ஒரே குடும்பத்துத் துப்பாக்கிகள். சேந்தமங்கலம் பக்கத்து அண்ணன் தம்பி மூன்று பேர், காட்டுப்பன்றி விரட்ட லைசென்ஸ் வாங்கி வைத்திருப்பது. அப்போது ரிப்பேருக்கு வந்திருந்தவற்றைத்தான் கிரகாமின் நண்பர் படம் எடுத்திருக்கிறார். மூத்தவருடையது மட்டும் இப்போதும் கடையில் பாதுகாப்பில் இருந்தது. அவர் போர்வெல் போடும் ரிக் லாரியோடு வடக்கே போனவர், வருடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பாராம்.

“பாக்கலாம், தொடக்கூடாது” என்ற நிபந்தனையோடு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டினார். ராணுவத் துப்பாக்கியைக் காவல்காரர்களுக்காக ஒற்றைத் தோட்டா ரகமாக மாற்றியது. தோட்டாப் பெட்டி இருந்த பள்ளத்தை ஒரு மரத்துண்டு வைத்து அடைத்திருந்தது. கட்டையில் அரசாங்க முத்திரையான அம்புக்குறி, மேலே பார்த்தபடி, ஆழமாகக் குத்தியிருந்தது. பக்கத்துப் பித்தளை வில்லையில் ஏழு புள்ளிகள். நடுவில் மூன்று, இருபுறமும் இரண்டிரண்டு. அதுவும் அம்புதான், ஆனால் கீழே பார்த்தபடி இருந்தது.

கிரகாமின் தாளில் முதல் கேள்வி, கட்டைக்குக் குறுக்கே செருகிய போல்ட் பற்றியது. ‘ரகசியப் பட்டறையின் பலப்படுத்தும் முறையா?’ என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தார்.

“அதுங்களா? கட்டை வெடிப்பு விட்டுருச்சுன்னு அவுரு ரிக் பட்டறைல போட்டுக்கிட்டது. போர்வெல் போல்ட்டு அது” என்றார் கடைக்காரர்.

“அப்ப இந்தப் புள்ளி?”

“அது இங்க வர்றப்பவே இருந்துச்சுங்க. நாமக்கல்ல நடுவுல பொறந்தவரு இருக்காரு, கேட்டுப் பாருங்க.”

மறுநாள் நாமக்கல் பேருந்தில் ஏறினேன். அந்த ஓட்டுநருக்கு ஹாரன் என்பது மூச்சு மாதிரி, விட்டுக்கொண்டே இருந்தார். லாரிக்கு பாடி கட்டும் இடம் வந்தால் இறக்கிவிடுங்கள் என்று நடத்துநரிடம் சொல்லியிருந்தேன். “இந்த ஊருல அதத் தவிர வேற என்னுங்க இருக்குது?” என்று சொல்லி, முதலில் தெரிந்த பட்டறை வாசலிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார். அங்கிருந்து வெயிலில் ஒவ்வொரு பட்டறையாக விசாரித்துப் பதினோராவதில் சென்னியப்பனைக் கண்டுபிடித்தேன். மூவரில் நடுவில் பிறந்தவர். லாரிக்கு பெயின்ட் அடிப்பவர், சட்டையிலும் புருவத்திலும்கூட மஞ்சள் தெறித்திருந்தது.

அவருடைய துப்பாக்கிக் கட்டையைப் பார்த்ததும் நான் திறந்த வாய் திறந்தபடி நின்றேன். லாரியின் முகப்பு எப்படியோ அப்படியே இருந்தது. அடியில் சிவப்பு, மேலே மஞ்சள், ஓரத்தில் பச்சைக் கொடி, இரண்டு தாமரை. லைசென்ஸ் எண்ணை லாரி நம்பர் போலக் கறுப்புக் கட்டம் போட்டு எழுதியிருந்தார். கட்டையின் கழுத்தில் திருஷ்டிக்குக் கறுப்புக் குஞ்சம் தொங்கியது. கிரகாம் இதைப் பார்த்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அவருடைய சங்கத்தில் மரத்தை எண்ணெய்த் துணியால் துடைப்பதா கூடாதா என்று இரண்டு கட்சி உண்டு, ஒரு கட்சி இன்னொரு கட்சியோடு தேநீர் குடிப்பதில்லை.

“ஏனுங்க, நல்லா இல்லீங்களா?” என்றார் சென்னியப்பன்.

“ரொம்ப நல்லா இருக்கு. எதுக்காக இப்படி?”

“அடையாளத்துக்குங்க, ரெண்டு வருசம் முன்னால அடிச்சது. மூணும் ஒரே மாதிரி இருந்துச்சு. எங்கண்ணன் என்றதத் தூக்கிட்டுப் போயிருவாரு, நான் தம்பியோடதத் தூக்கிட்டு வந்துருவேன். இப்ப எவன் எடுப்பான் சொல்லுங்க.”

பெயின்டுக்கு அடியிலும் வில்லையும் புள்ளிகளும் பத்திரமாக இருந்தன. இதை யார் வெட்டினார்கள் என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். “அப்ப நான் லாரியில மகாராஷ்ட்ரா போயிருந்தனுங்க. அண்ணன்தான் வெட்டிட்டு வந்தாரு, தம்பி பொண்டாட்டி கூடப் போச்சு. தம்பி இப்ப இல்லீங்க. பாவாயின்னு கேளுங்க, தோட்டத்துலதான் இருக்கும். அதுக்குத் தெரியாத சங்கதி இல்ல.”

சாயங்காலம் தங்கும் விடுதியில் ஆம்லெட்டும் பரோட்டாவும் தின்றுகொண்டிருந்தபோது கிரகாம் அழைத்தார். நாமக்கல்லில் முட்டை இல்லாமல் எதையும் தர மாட்டார்கள் போலிருக்கிறது, தயிர் சாதத்துக்குக்கூட அவித்த முட்டை வேண்டுமா என்று கேட்டார்கள். கிரகாமின் குரலில் துள்ளல் இருந்தது. அட்டைப்படம் வந்துவிட்டதாம். கரும்பச்சை அட்டையில், தங்க நிறத்தில், அந்த ஏழு புள்ளிகள் மட்டும்.

“குறுக்கு போல்ட் பார்த்தாயா?” என்று கேட்டார்.

“பார்த்தேன். பலமாக இருக்கிறது” என்றேன். அது பொய்யில்லை. ஆனால் அதற்குமேல் பரோட்டா இறங்கவில்லை. அவர் இருபது வருடம் உழைத்த புத்தகம். அதன் முகத்திலேயே என் சோம்பேறித்தனத்தைத் தங்கத்தில் அச்சடித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

மூன்றாம் நாள், பாவாயியின் தோட்டத்துக்குப் போகிற பேருந்தைத் தவறவிட்டேன். அந்தப் பக்கம் போகும் முட்டை வேன் ஒன்று ஏற்றிக்கொண்டது. ஓட்டுநர் என்னை முன்னால் உட்காரவைத்து, மடியில் மூன்று அட்டை முட்டையை வைத்தார். பின்னால் இடம் இல்லையாம். “ஒண்ணும் ஆவாதுங்க, பயப்படாமப் புடிங்க” என்றார். தொண்ணூறு முட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு கொல்லிமலையை ரசிக்க முடியாது. வேகத்தடை வரும்போதெல்லாம் நான் மூச்சை நிறுத்தினேன், அவர் வண்டியை நிறுத்தவில்லை. ஆச்சரியம், ஒன்றுகூட உடையவில்லை.

மலையடிவாரத்தில் குச்சிக்கிழங்குக் காடு, அதாவது மரவள்ளித் தோட்டம். அதற்கு நடுவில் ஒரு மாடி வீடும் நீளமான கோழிப் பண்ணையும் இருந்தன. பாவாயிக்கு அறுபது வயது இருக்கும். செல்போனில் தீவனக்காரரைப் பின்னியெடுத்துக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் போனைக் கீழே வைத்தார்.

“வாங்க அம்மணி, சென்னியப்ப மாமன் சொன்னாரு. வெளிநாட்டுல இருந்து கட்டை பாக்க ஒறம்பரை வருதுன்னு. மொதல்ல சாப்புடுங்க, கட்டை எங்கயும் ஓடிப்போவாது.”

விருந்தாளியைத்தான் அங்கே ஒறம்பரை என்கிறார்கள். கட்டையை நான் சாப்பாட்டுக்கு முன்பே பார்த்துவிட்டேன். கதவு மூலையில் சாத்தியிருந்தது. கணவர் காலமான பிறகு லைசென்ஸ் இவர் பெயரில்தானாம். பன்றி வந்தால் ஒரு வெடி வெடிப்பார், பன்றி போய்விடும், ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்துவிடும். கட்டையின் அடியில் வரிசையாகப் பள்ளங்கள். கிரகாமின் தாளில் இதற்கும் ஒரு கேள்வி இருந்தது. ‘நேருக்கு நேர் கைகலப்பில் விழுந்த தழும்புகளா?’

“அதுங்களா, தேங்காயி ஒடைக்கறதுங்க. இதாட்டம் வாட்டமா ஒண்ணும் கெடையாது. தோட்டா இல்லாதப்பத்தான், பயந்துக்காதீங்க” என்றார் பாவாயி அக்கா.

அரிசியும் பருப்பும் சேர்த்து வடித்த அரிசிம்பருப்புச் சோறு. அதன்மேல் நெய், பக்கத்தில் தயிர், சுட்ட அப்பளம். நாகர்கோவிலில் நாங்கள் தேங்காயை அரைத்து அரைத்து ஒரு குழம்புக்கு அரை நாள் மெனக்கெடுவோம். இங்கே ஒரே பாத்திரத்தில் எல்லாவற்றையும் போட்டு இறக்கிவிட்டு, அரை நாள் தோட்டத்தைப் பார்க்கிறார்கள். எங்கள் சமையலைக் காட்டிக்கொடுப்பதாக நினைக்க வேண்டாம், எனக்கு இதுதான் பிடித்திருந்தது. இரண்டாம் முறை வாங்கி, வழித்துச் சாப்பிட்டேன். வழித்த விரல் தட்டின் விளிம்பில் நின்றது.

ஏழு புள்ளிகள் இருந்தன. நடுவில் மூன்று, இருபுறமும் இரண்டிரண்டு.

தண்ணீர்ச் சொம்பைத் திருப்பிப் பார்த்தேன். அதிலும் இருந்தது. நெய்க் கிண்ணத்தில் இருந்தது. கரண்டியின் காம்பிலும் இருந்தது. பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை.

“அக்கா, இது என்ன?”

“கோழிக்காலுங்க. எங்கூட்டு அடையாளம்.”

நடந்ததை அவர் சொன்னார். “எலக்சன் வந்தாத் துப்பாக்கியெல்லாம் போலீஸ் டேசன்ல கொண்டுபோய்க் குடுத்துரோணுமுங்க. ஓட்டு எண்ணி முடிச்சாத்தான் திருப்பிக் குடுப்பாங்க. போயிப் பாத்தா ஒரே மூலைல எல்லா ஊருதும் கெடக்கும். நம்பரப் பாத்து எடுக்கறதுக்குள்ள பொழுது போயிரும். ஒருக்கா என்ற ஊட்டுக்காரரு எவனோடதையோ தூக்கிட்டு வந்துட்டாருங்க. அப்பத்தான் நாஞ் சொன்னேன். கலியாணத்துக்குப் பாத்தரம் எரவல் குடுத்தாப் பேரு வெட்டாமக் குடுப்பமா? துப்பாக்கி மட்டும் என்னுங்க ஒசத்தி? மூணையும் சாக்குல சுத்தி, நானும் பெரிய மாமனும் பாத்தரக் கடைக்குக் கொண்டுபோனோம்.”

கடைக்காரர் என்ன பெயர் வெட்டுவது என்று கேட்டிருக்கிறார். அண்ணன் தம்பி மூன்று பேரில் யார் பெயரை வெட்டினாலும் மற்ற இரண்டு பேருக்கு முகம் தூக்கிக்கொள்ளும். பெரியவர் யோசித்துவிட்டு, கட்டையில் ஏற்கெனவே இருந்த அரசாங்க அம்பைக் காட்டி, ‘இந்தக் கோழிக்காலையே போடுங்க’ என்று சொல்லிவிட்டாராம். கடைக்காரர் குடத்தை வைப்பது போலத் துப்பாக்கியை மடியில் தன் பக்கம் பார்த்துப் படுக்கவைத்துத் தட்டினார். முடித்து நிமிர்த்திப் பார்த்தால் அம்பு தலைகீழாக நின்றது.

“அது போச்சாது, பரவால்லீங்க. ஒரே ஊட்டுச் சாமானம்னு மூணுத்துக்கும் ஒரே கோழிக்கால வெட்டிட்டாரு அந்தப் புண்ணியவான். டேசன்ல கண்டுபுடிக்கறது செரியாப் போச்சு. ஊட்டுக்கு வந்தா எது யாருதுன்னு மறுக்கா சண்டை. அதுக்கப்பறம் அந்தக் கடைக்கு எதக் கொண்டுபோனாலும், கேக்காமயே கோழிக்கால் போட்டுருவாரு.”

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டேன். பாவாயி அக்கா கவனித்துவிட்டார்.

“என்ன சாமி, ஏதோ மாதிரி ஆயிட்டீங்க?”

பாயசப் பாத்திரத்திலிருந்து தங்க நிற அட்டை வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு யோசனையும் சொன்னேன். எதுவும் தெரியவில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டால் என்ன? அவருக்கு எழுபத்தெட்டு வயது. புத்தகம் வரட்டும், சந்தோஷமாக இருக்கட்டும். யார் சேந்தமங்கலம் வரைக்கும் வந்து சரிபார்க்கப் போகிறார்கள்?

“நீங்க வந்தீங்கல்ல? புஸ்தகத்தப் படிச்சுட்டு நாளைக்கு எவனாச்சும் வருவான். வந்தவனுக்குச் சோறு போடாம அனுப்ப எனக்குத் தெரியாதுங்க. சோறு போட்டா வட்டலப் பாத்துருவான். அப்ப அந்தப் பெரியவரத்தான ஊரே சிரிக்கும்? இப்பவே சொல்லிப்போடுங்க. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்” என்றார்.

மெல்போர்னில் அப்போது சாயங்காலம். வீடியோவில் கிரகாம் பூனையோடு வந்தார். நான் முகவுரையெல்லாம் பேசாமல் தட்டைக் கழுவி, விளிம்பைத் திரைக்குக் காட்டினேன். பிறகு சொம்பு, கிண்ணம், கரண்டி. பாவாயி அக்கா தன் பங்குக்குத் துப்பாக்கிக் கட்டையைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார். தேர்தல், காவல் நிலையம், கல்யாணப் பாத்திரம், கடைக்காரரின் மடி என்று ஒன்று விடாமல் சொன்னேன்.

கிரகாம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். தட்டை இன்னும் கிட்டத்தில் காட்டச் சொன்னார். வாய்க்குள் எண்ணினார். ஏழு வந்தது. பக்கத்து மேசையில் கிடந்த அட்டைப்படத்தை எடுத்துக் கவிழ்த்து வைத்தார். அச்சகத்துக்கு இப்போதே சொல்லி அந்த அத்தியாயத்தை எடுத்துவிடுவதாகச் சொன்னார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. எனக்குத்தான் தாங்கவில்லை. எல்லாம் என்னால் வந்தது, அன்றைக்கு நான் ஒழுங்காக... என்று ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். மெதுவாக இரண்டு வாக்கியம் பேசினார், பூனையைத் தடவிக்கொண்டே.

பாவாயி அக்கா என் முழங்கையை இடித்தார். “என்னுங்க சொல்றாரு? திட்டறாருங்களா?”

“இல்லக்கா” என்றேன். “அன்னைக்கு நான் படத்தப் பாக்கவே இல்லன்னு அவருக்கு அப்பவே தெரியுமாம். ரெண்டாவது தடவை கேட்டா எங்க நான் நிஜமாவே பாத்துச் சொல்லிடுவேனோன்னு பயந்துதான், ஏழு வருஷமா கேக்காமயே இருந்தாராம்.”